இரண்டு ஏரிகளுக்கும் பொதுவானது

அவள் உள்ளே வந்ததும் அண்ணி தன் கைப்பையை எடுத்து ஆஸ்பத்திரி அறையிலிருந்த ஒரே நாற்காலியின் மேல் வைத்தாள். அதுவரை அது தரையில், கட்டில் காலோரம் கிடந்த பை. வைத்தவள் அதன் வாரையும் சரிசெய்தாள், வந்த விருந்தாளியை வசதியாக உட்காரவைப்பதுபோல.

அவள் சுவரோடு சுவராக நின்றுகொண்டாள். ஏழு மணி நேர ரயில் பயணத்தில் முதுகு கல்லாகியிருந்தது.

"யார் சொன்னா உனக்கு?" அண்ணியின் கண் கட்டிலை விட்டு நகரவில்லை.

"உங்க பொண்ணுதான் மெசேஜ் போட்டா."

"அவகிட்ட அப்புறம் பேசிக்கறேன்."

அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தான். மூக்கில் ஆக்சிஜன் குழாய், அது அழுத்திய இடத்தில் கன்னத்தில் ஒரு சிவப்புக் கோடு. நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிப்போகும் நோய். ஒன்றரை வருடமாக இழுத்துக்கொண்டு வந்திருக்கிறான். இன்னும் ஒரு நாள், கூடினால் இரண்டு என்று மருத்துவர் நேற்று சொல்லியிருந்தார். சக்கரம் வைத்த சின்ன மேசையில் தண்ணீர் டம்ளர், மூக்குக்கண்ணாடி, அதற்கடியில் ஒரு கற்றைக் காகிதம். மேல் பக்கத்தின் தலைப்பைப் படிக்காமலே அது என்னவென்று அவளுக்குத் தெரிந்தது. மூன்று வாரத்துக்கு முன் வெளியான அவளுடைய ஆய்வுக் கட்டுரை. ஓரமெல்லாம் பென்சில் குறிகள்.

அண்ணனும் அவளும் முகம் கொடுத்துப் பேசிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. சண்டை வீட்டுக்காகவோ நிலத்துக்காகவோ இல்லை. ஏரிச் சேற்றுக்காக. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று இரண்டு பேருமே யாரிடமும் காரணத்தைச் சொன்னதில்லை.

அண்ணன் ஒரு சின்னக் கல்லூரியில் நிலவியல் சொல்லிக்கொடுத்தவன். விடுமுறை விட்டால் ரப்பர் படகும் நீளக் குழாய்களுமாக மலை ஏரிகளுக்குப் போய்விடுவான். ஏரியின் அடியில் வருடத்துக்கு ஒரு படலமாகச் சேறு படிகிறது. வெளிர் பட்டை ஒன்று, கறுப்புப் பட்டை ஒன்று, சேர்ந்தால் ஒரு வருடம். குழாயை இறக்கி எடுத்தால் மூவாயிரம் வருடம் உருளையாக மேலே வரும். கொசுவைப் போன்ற ஒரு பூச்சியின் புழுக்கள் விட்டுப்போன தலை ஓடுகள் அந்தச் சேற்றில் இருக்கும். மணலைவிடச் சிறியவை. சில இனங்களுக்குக் குளிர் பிடிக்கும், சிலவற்றுக்கு வெதுவெதுப்பு. எந்தப் படலத்தில் எந்த ஓடு அதிகம் என்று எண்ணிப் பார்த்தால் அந்தக் காலத்துக் கோடை எப்படி இருந்தது என்று சொல்லிவிடலாம். அண்ணன் எண்ணினான். வருடக்கணக்கில், நுண்ணோக்கிக்குக் கீழே குனிந்து, இடுக்கியால் ஒவ்வொன்றாக நகர்த்தி எண்ணினான். கல்லூரியில் அவனுக்குச் 'சேத்து வாத்தியார்' என்று பெயர்.

அவள் வேலையில் கை அழுக்காகாது. காற்றையும் கடலையும் பனியையும் வெயிலையும் சமன்பாடுகளாக எழுதி, ஒரு கூடம் நிறைந்த கம்ப்யூட்டர்களில் ஆயிரம் வருட உலகத்தை ஓட்டிப் பார்ப்பவள். அந்த மாதிரி உலகத்தில் மனிதனின் புகையே இல்லாவிட்டாலும் வெப்பநிலை தானாக ஏறும், தானாக இறங்கும். இயற்கையின் சொந்த ஆட்டம் அது. அந்த ஆட்டம் எவ்வளவு பெரியது என்பதில்தான் இரண்டு பேருக்கும் முட்டிக்கொண்டது.

சில வருடங்களுக்குள் நடக்கும் ஆட்டத்தில் அவள் கம்ப்யூட்டரும் அண்ணன் ஏரியும் ஒத்துப்போயின. இருநூறு, முந்நூறு வருடங்களைச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் பிரிந்தன. அந்த நீளத்தில் அவள் வரையும் கோடு ஏறக்குறையத் தட்டையாகிவிடும். அண்ணனின் கோடோ இன்னும் மெதுவாக, இன்னும் பெரிதாக, தூங்குகிறவன் மார்பு போல ஏறி இறங்கும். சேற்றில் ஆயிரம் கோளாறு, புழுவுக்குக் குளிர் மட்டுமா பிரச்சினை, தீனி குறைந்தாலும் சாகும், நீர் வற்றினாலும் சாகும் என்பாள் அவள். உன் உலகத்தில் யாருக்கும் காய்ச்சலே வராதா என்பான் அவன். அப்போது அவளுக்கு 'நேர்கோடு' என்று பெயர் வைத்தான். முதலில் அது கேலியாகத்தான் இருந்தது.

பிறகு ஒரு டிவிப் பேச்சாளர் அண்ணனின் வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். பாருங்கள், இயற்கையே இப்படி ஆடுகிறது, இதில் புகையைக் குறை சொல்லி என்ன பயன் என்றார். அந்த வாரமே ஒரு மாநாட்டில் அண்ணன் பேசினான். இருநூறு பேர். அவள் எழுந்து மைக்கை வாங்கினாள். பிறந்ததிலிருந்து 'நீ' என்றே கூப்பிட்ட அண்ணனை அன்று முதல் தடவையாக 'நீங்கள்' என்றாள்.

"உங்கள் ஏரியில் குளிர் வந்ததா, இல்லை புழுவுக்கு வயிற்று வலி வந்ததா? எது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கூடம் சிரித்தது. அண்ணனும் மரியாதைக்குச் சிரித்தான். அதோடு சரி.

பத்தரை மணிக்கு அவன் கண் திறந்தான். பார்வை கூரையில் கொஞ்சம் அலைந்து, சுவரோரம் வந்து நின்றது.

"யாரு, நேர்கோடா?"

"நான்தாண்ணா."

"கிட்ட வா. கத்த முடியாது."

"பேசாதீங்க, மூச்சு தீந்துடும்," என்றாள் அண்ணி.

"சேத்து வச்சு யாருக்குக் குடுக்கப் போறேன்."

அவள் கட்டிலருகே போனாள். அண்ணி விலகவில்லை, இருவரின் முழங்கைகளும் இடித்துக்கொண்டன. அண்ணன் கண்ணால் மேசையைக் காட்டினான்.

"படிச்சேன். எண்பத்திரண்டு ஏரி."

"ஆமா."

"நூறு வருஷம் தாண்டிட்டா, கம்ப்யூட்டர் காட்டறதைவிட நிஜ ஆட்டம் பல மடங்கு பெருசு."

"ஆமா."

"சேத்தோட கோளாறையெல்லாம் கழிச்ச பிறகும்."

"ஆமாண்ணா."

ஒவ்வொரு பதிலுக்கும் பிறகு அவன் நின்று மூச்சைக் கூட்டிக்கொண்டான். அவள் வாயால் அதைச் சொல்லக் கேட்பதில் அவனுக்கு ஒரு சந்தோஷமும் இருப்பதாகத் தெரியவில்லை. ஓடு எண்ணுவதுபோல வரிசையாகக் கேட்டுக்கொண்டு போனான்.

"நாலு வருஷம் முன்னாடி நான் ஒரு கட்டுரை அனுப்பினேன். அந்தப் பத்திரிகை பேர் தெரியாத மூணு பேர்கிட்ட அதைக் குடுத்து அபிப்பிராயம் கேட்டாங்க. ரெண்டு பேர் போடலாம்னாங்க. மூணாவது ஆள் பதினோரு பக்கம் எழுதித் தள்ளினான். அது நீதான?"

அண்ணி தலையை நிமிர்த்தினாள்.

"நான்தான்."

"தெரியும். 'இந்த முடிவை இந்தச் சேறு தாங்காது'ன்னு ஒரு வரி. வேற எவன் அப்படி எழுதுவான்."

அண்ணி அவளைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. மருந்துக்கடையில் முப்பது வருடம் நின்றவள் அவள்; போலிச் சீட்டோடு வந்தவர்களை இப்படித்தான் பார்த்திருப்பாள். கட்டுரை வேண்டாம் என்று பத்திரிகையின் கடிதம் வந்த மாதம் அண்ணன் ஆய்வுக்கூடத்தைப் பூட்டிச் சாவியைக் கல்லூரியில் ஒப்படைத்தான். வேறு எங்கும் கட்டுரையை அனுப்பவில்லை.

"தப்புன்னு நினைச்சா எழுதின?"

"அந்த டிவி ஆள் மறுபடி உன் படத்தைத் தூக்கிட்டு வருவான்னு பயந்தேன்."

"நான் கேட்டது அது இல்ல."

"தப்புன்னு முழுசா நினைக்கல."

"இயற்கையோட ஆட்டம் இவ்வளவு பெருசுன்னா, அதுவும் நம்ம புகையும் ஒரே பக்கம் சேந்து தள்ளினா என்ன ஆகும்னு யோசிங்கடான்னு எழுதியிருந்தேன். கடைசிப் பக்கம். படிச்சியா?"

"படிச்சேன்."

"எல்லாத்தையும் படிச்சிருக்க. பதினேழாம் பக்கத்தையும்."

அவள் தண்ணீர் டம்ளரைப் பார்த்தாள்.

பதினேழாம் பக்கத்தில் இருந்தது ஒரு எளிய யோசனை. ஒரே மலையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஏரிகளை எடுத்துக்கொள். ஒன்று ஆழமானது, ஒன்று மேலோட்டமானது. சேற்றின் கோளாறு இரண்டுக்கும் வேறு வேறு. மேலே இருக்கும் வானம் ஒன்றுதான். எது இரண்டிலும் சேர்ந்து ஆடுகிறதோ அது வானத்தின் ஆட்டம். எது தனித்தனியே ஆடுகிறதோ அது சேற்றின் ஆட்டம். மாநாட்டில் அவள் கேட்ட கேள்விக்கு அண்ணன் ஆறு வருடம் கழித்துக் கண்டுபிடித்த பதில். அவளுடைய புதிய கட்டுரையின் நான்காம் பகுதி முழுக்க அதன் மேல்தான் நின்றது. ஏரிகள்தான் அதிகம், கணக்குதான் நயம். ஜோடி ஜோடியாக வைக்கும் எண்ணம் ஒரு நாள் குளிக்கும்போது தனக்கே வந்ததாக அவள் தன் மாணவர்களிடம் சொல்லியிருந்தாள். சொல்லிச் சொல்லி அவளே நம்பியும் இருந்தாள்.

"ஜோடி ஏரி," என்றான் அண்ணன். "எங்கேருந்து வந்துச்சு?"

"அது யாருக்கும் தோணக்கூடியதுதாண்ணா."

அவன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு பாதியிலேயே இருமலாகி, உடம்பு கட்டிலிலிருந்து தூக்கிப்போட்டது. அண்ணி அவன் முதுகைத் தாங்கிப் பிடித்தாள். நர்ஸ் ஓடிவந்து ஆக்சிஜன் குமிழைத் திருகினாள். எல்லாம் அடங்கிய பிறகு அவன் மனைவியைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக, தெளிவாகச் சொன்னான்:

"இவளை வெளிய அனுப்பு."

அண்ணி அனுப்ப வேண்டியிருக்கவில்லை.

நடைபாதையில் வரிசையாகப் பிளாஸ்டிக் இருக்கைகள் இருந்தன. அவள் அவற்றில் உட்காராமல் கீழே கேன்டீனுக்குப் போய், காபி வாங்கி, குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து மேசையில் இரண்டு ஆண்கள் கார் நிறுத்த இடம் கிடைக்காததைப் பற்றி அரை மணி நேரம் பேசினார்கள். ரயிலுக்குப் போய்விடலாம் என்று இரண்டு முறை எழுந்தாள். இரண்டு முறையும் உட்கார்ந்தாள்.

மூன்றரை மணிக்கு அண்ணன் மகள் வந்தாள். லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. கம்பெனிச் சீருடையோடு, முழங்கையில் கிரீஸோடு அப்படியே வந்திருந்தாள். எதிரில் உட்கார்ந்து, ஆறிப்போன காபியை எடுத்து ஒரே மடக்கில் குடித்தாள்.

"முடிஞ்சிருச்சு அத்தை. மூணு இருபதுக்கு."

அவள் தலையசைத்தாள். வேறு எதுவும் செய்யத் தோன்றவில்லை.

"கடைசியாப் பேசினது உங்ககிட்டயும் உங்களைப் பத்தியும்தான். அதுக்கப்புறம் வாயே திறக்கல. அம்மா பக்கத்துலயே உக்காந்து எதாவது சொல்லுங்க, எதாவது சொல்லுங்கன்னு அஞ்சு மணி நேரம் கேட்டுட்டு இருந்தாங்க." பேசிவிட்டு அவள் வெறும் கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள். "நான் உங்களுக்கு மெசேஜ் போட்டிருக்கக் கூடாது."

மறுநாள் காலை பதினொரு மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது. மின்மயானத்துக் கூடத்தில் முப்பது பேர் இருந்திருப்பார்கள். அண்ணனோடு வேலை பார்த்த வேதியியல் ஆசிரியர் எழுந்து, சேத்து வாத்தியார் தன் வாழ்நாளில் கைகழுவிய தண்ணீரில் இன்னொரு ஏரியை நிரப்பலாம் என்றார். சிலர் சிரித்தார்கள், சிலர் அழுதார்கள். அவள் கடைசி வரிசையில் இருந்தாள். வெளியே வரும்போது அந்த ஆசிரியர் எல்லோரிடமும் கைகுலுக்கிக்கொண்டே வந்து, அவள் முறை வந்ததும் சட்டைப்பையில் எதையோ தேடினார். அண்ணி எல்லோரிடமும் சொல்லிவிட்டிருந்தாள்.

மதியம் அவள் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணி கேட்டைத் திறக்காமல் அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலைமுடி ஈரமாக இருந்தது.

"இன்னும் ஊருக்குப் போகலையா?"

"நேத்து அவன்கிட்ட பொய் சொன்னேன் அண்ணி. ஜோடி ஏரி அவனோட யோசனைதான். அவன் கட்டுரையிலதான் படிச்சேன்."

"அது அவருக்கே தெரியும். அதைச் சொல்லவா வந்த?"

"பத்திரிகைக்கு எழுதறேன். என் கட்டுரையில அவன் பேரை முதல்ல போடச் சொல்றேன்."

தெருவில் ஒரு ஸ்கூட்டர் போய் மறைந்த பிறகு அண்ணி பேசினாள்.

"அவர் பேர் உன் பேருக்குப் பக்கத்துல வரக்கூடாது."

"அண்ணி..."

"செத்த பிறகும் உனக்குத் துணைக்கு நிக்கணுமா அவர்? அண்ணனும் தங்கச்சியும் சேந்து கண்டுபிடிச்சாங்கன்னு நாலு பேர் எழுதுவாங்க. நீ மேடையில கண்ணைத் துடைச்சுக்குவ. அது நடக்காது."

அவளுக்கு முகம் சூடாகியது. நேற்றிரவு தங்கும் விடுதியில் அவள் மனதுக்குள் எழுதிவைத்திருந்த கடிதத்தில் ஏறக்குறைய அதுதான் இருந்தது, கண்ணீர் உட்பட. என்ன தைரியம் இந்தப் பெண்பிள்ளைக்கு என்று ஒரு கணம் ஆத்திரம் வந்தது. சேற்றுக்கும் சுண்ணாம்புக்கும் வித்தியாசம் தெரியாதவள். அந்த ஆத்திரம் போன இடத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை.

"சரி," என்றாள். "என்னோடதை வாபஸ் வாங்கிடறேன். அவனோடது தனியா வரட்டும். அவன் பேர்ல மட்டும்."

"அதை எதுக்கு என்கிட்ட சொல்ற?"

"அவன்தான் முதல்லன்னு காட்ட அவன் எழுதிவச்ச நோட்டு வேணும். தேதியோட."

அண்ணி உள்ளே போய்விட்டாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அவள் கேட்டுக்கு வெளியே நின்றாள். எவ்வளவு நேரம் நிற்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. எதிர்வீட்டில் ஒருவர் காரைத் துடைத்து முடித்து, வாளியைக் கவிழ்த்துவிட்டு உள்ளே போனார். பிறகு அண்ணன் மகள் ஒரு சாவியோடு வந்து கேட்டைத் திறந்தாள்.

"பின்னாடி ஷெட்ல இருக்கு. நோட்டு வீட்டை விட்டுப் போகக்கூடாதாம். அங்கயே உக்காந்து பாக்கணுமாம். வீட்டுக்குள்ள வரக்கூடாதாம்." ஒப்பிப்பதுபோலச் சொல்லிவிட்டு, "பாத்ரூம் போகணும்னா மூலையில பெட்ரோல் பங்க் இருக்கு," என்று தானாகவே சேர்த்துக்கொண்டாள்.

ஷெட்டில் ஒரு பெரிய குளிர்ப்பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் நீளவாக்கில் பிளந்த குழாய்கள் பிளாஸ்டிக் உறையில் அடுக்கப்பட்டிருக்கும் என்று அவளுக்குத் தெரியும், திறக்கவில்லை. சுவரோர அலமாரியில் நாற்பத்தொரு நோட்டுகள். பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் சாதாரண நோட்டுகள்தான். முதுகில் வருடம் எழுதி ஒட்டியிருந்தது. கவிழ்த்துப் போட்ட ஒரு பெயின்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்தாள்.

ஜோடி ஏரியைத் தேடி எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. ஆறு வருடத்துக்கு முந்தைய நோட்டில், இரண்டு வட்டம் வரைந்து, இரண்டுக்கும் மேலே ஒரே ஒரு கோடு. கீழே தேதி. அதற்கும் கீழே, 'இது போதுமா?' என்று பென்சிலில். யாரைக் கேட்டிருக்கிறான் என்று எழுதவில்லை. அவள் போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

வேலை அதோடு முடிந்தது. ஆனாலும் அலமாரியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து, பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய நோட்டை உருவினாள். மாநாட்டுத் தேதி அவளுக்கு மனப்பாடம். அன்று அண்ணன் எதுவும் எழுதியிருக்க மாட்டான் என்றுதான் நினைத்தாள். எழுதியிருந்தான். மாநாடு முடிந்து நேரே ஆய்வுக்கூடத்துக்குப் போயிருக்கிறான்.

'மாலை 6.40. படலம் 1130. தலை ஓடு 212. கண் சரியில்லை. நாளைக்கு மறுபடி எண்ண வேண்டும்.'

அடுத்த நாள் காலை:

'மறுபடி எண்ணியது, 209. மூன்று தப்பு என்னுடையது.'

அதற்கடுத்த வரி வழக்கம்போல அடுத்த படலம். அவள் அந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை, மூடவும் இல்லை. விரல் அந்த இரண்டாவது வரியின் மேலேயே இருந்தது. குளிர்ப்பெட்டி நின்று, மறுபடி ஓடத் தொடங்கியது.

வெளிச்சம் மங்குவதற்குள் போனிலேயே பத்திரிகைக்குக் கடிதத்தை எழுதி முடித்தாள். எட்டு வரி. தான் ரகசியமாக மதிப்பிடக் கிடைத்த கட்டுரையிலிருந்து முறையை எடுத்ததாகவும், அதை எழுதியவரின் பெயரையும், அவர் நேற்று இறந்துவிட்டதையும், தன் கட்டுரையைத் திரும்பப் பெறுவதையும் எழுதினாள். எங்கும் 'அண்ணன்' என்று போடவில்லை. அனுப்புவதற்கு முன் தன்னோடு வேலை செய்த மாணவிக்கு விஷயத்தைச் சொல்லி ஒரு செய்தி போட்டாள். அந்தப் பெண்ணுக்கு அடுத்த மாதம் வேலைக்கான நேர்காணல். அந்தக் கட்டுரையை நம்பித்தான் கூப்பிட்டிருந்தார்கள்.

ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. 'அப்ப எங்க பேர் என்ன ஆகும் மேடம்?'

அந்தக் கேள்வி திரையில் இருக்கும்போதே மின்னஞ்சலுக்குப் போய்க் கடிதத்தை அனுப்பினாள். இனி அந்தப் பெண்ணும் அவளோடு பேசப் போவதில்லை.

கால் மரத்துப்போயிருந்தது. எழுந்து ஷெட் வாசலுக்கு வந்தாள். நாலு எட்டில் சமையலறை ஜன்னல். உள்ளே விளக்கு எரிந்தது. அண்ணி தொட்டிப் பக்கம் நின்றபடி, பாத்திரத்திலிருந்தே கரண்டியால் எடுத்து எதையோ சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நேற்றுக் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டாள். வேகவேகமாக, மென்றும் மெல்லாமலும், ஒரு கையால் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டாள்.

பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டதுபோல அவள் நகரப் போனாள். அதற்குள் அண்ணி நிமிர்ந்துவிட்டாள். கரண்டி வாய்க்கு வரும் வழியில் நின்றது. கண்ணாடிக்கு இப்பாலும் அப்பாலுமாக இருவரும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்கள்.

அண்ணி பாத்திரத்தைக் கீழே வைத்தாள். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, கையை நீட்டி, ஜன்னல் திரையை இழுத்து மூடினாள்.